பிறந்த மாசம் பார்த்து ஓட்டு: தைவானின் தேர்தல் கணக்கு

"நீங்க எந்த மாசம் பிறந்தீங்க?" ஜோசியர் இதைக் கேட்டா ஆச்சரியமில்லை. ஒரு கட்சி கேட்டா? 1990-களில் தைவான்ல அதுதான் நடந்தது. "ஜனவரி முதல் ஏப்ரல் வரை பிறந்தவங்க இந்த வேட்பாளருக்கு, அடுத்த நாலு மாசம் அவருக்கு" என்று கட்சிகள் தங்கள் ஆதரவாளர்களைப் பிரித்தன. சில சமயம் அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்தும் பிரிப்பாங்க.

ஏன் இந்தக் கூத்து? காரணம் தேர்தல் விதி. அப்போ அங்கே ஒரு தொகுதிக்குப் பல எம்பிக்கள், ஆனா ஒருவருக்கு ஒரே ஓட்டு. அதிக ஓட்டு வாங்கினவங்க வரிசையா ஜெயிப்பாங்க.

ஒரு கணக்கு போடலாம். 5 இடம், 1,00,000 ஓட்டு. நம்ம கட்சிக்கு 60,000, எதிர்க்கட்சிக்கு 40,000. ரெண்டு பக்கமும் தலா 3 வேட்பாளர். நம்ம ஸ்டார் வேட்பாளர் மட்டும் 44,000 வாங்கிட்டார். மற்ற இருவருக்கும் 9,000, 7,000. எதிர்த்தரப்பில் 14,000, 13,000, 13,000. முடிவு? 60 சதவீத ஓட்டு வாங்கிய நமக்கு 2 இடம், அவங்களுக்கு 3! ஆளுக்கு 20,000 வந்திருந்தா நம்ம மூணு பேருமே ஜெயிச்சிருப்பாங்க.

நம்ம பாஷையில் சொன்னா, இது லோட் பேலன்சிங். ஒரே சர்வருக்கு எல்லா டிராஃபிக்கும் போகக் கூடாது. பிறந்த மாசம் ஓரளவு சமமா பரவியிருக்கும், அதனால அதை வச்சுப் பிரிச்சாங்க.

ஆனா இதுக்கு ஒரு விலை இருந்தது. உங்க முக்கியப் போட்டியாளர் உங்க கட்சிக்காரர்தான். கொள்கை ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அப்போ எதை வச்சு வித்தியாசம் காட்டுவீங்க? பணம், தனிப்பட்ட உதவி, உள்ளூர் செல்வாக்கு. ஜப்பானும் 1947 முதல் 1993 வரை கீழவைத் தேர்தல்களில் இதே முறையை வைத்திருந்தது, இதே தலைவலியோடு.

தைவான் 2005-ல் அரசியலமைப்பைத் திருத்தியது. 225 இடங்கள் 113 ஆயின. 73 தொகுதிகளில் தலா ஒரே எம்பி, 34 இடம் கட்சிப் பட்டியலுக்கு, 6 பழங்குடியினருக்கு.

பிரச்சினை தீர்ந்ததா? 2008-ல் அந்த 73 தொகுதிகளில் ஜனநாயக முற்போக்குக் கட்சி வாங்கியது சுமார் 38 சதவீத ஓட்டு. ஜெயித்தது 13 தொகுதி. குவோமின்டாங் மொத்தம் 81 இடங்களோடு சபையை அள்ளியது. உட்கட்சிச் சண்டை குறைந்தது. பதிலுக்கு, தோற்றவருக்குப் போட்ட ஓட்டு தொகுதியோடு நின்றுபோனது.

கிழக்காசியத் தேர்தல்களை ஆராயும் அரசியல் அறிவியல் பேராசிரியர்கள் முடிவுகளுக்கு முன்னாடி விதிகளைப் படிப்பது இதனால்தான். யார் பிரபலம் என்பதை ஓட்டு சொல்லும். அந்த ஓட்டுக்கு எத்தனை இடம் என்பதை விதிதான் சொல்லும். பழைய முறை இன்னும் சாகலை: பழங்குடி இடங்களுக்கும் நகர சபைகளுக்கும் தைவான்ல இன்னைக்கும் அதுதான்.