மாட்டு வண்டிக்கு எட்டு; நடக்கிறவருக்கு?

பழவேற்காட்டில் படகு கரை சேர்ந்ததும் வேலை கைமாறுகிறது. இரவெல்லாம் தண்ணீரில் இருந்த ஆண்கள் வலையை உதறிக் காயப்போடுகிறார்கள். ஏலத்தில் எடுத்த இறாலையும் நண்டையும் மடவையையும் அன்னக்கூடையில் அள்ளி, சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு பெண்கள் சாலைக்கு வருகிறார்கள். அப்போது இன்னும் வெளுத்திருக்காது. பேருந்தோ ஷேர் ஆட்டோவோ நிற்கும் இடம் வரைக்கும் நடைதான். கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று எந்தக் குப்பத்திலிருந்து கிளம்பினாலும் இதே கதை. ஏரிக்குள் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' இந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கரையேறிச் சாலைக்கு வந்தால் நடக்கிறவருக்கு என்று ஒதுக்கிய இடம் தார் விளிம்புக்கு வெளியே உள்ள மண் ஓரம் மட்டுமே. மழை பெய்தால் அதுவும் சேறு.

தலையில் பாரம் இருக்கும்போது கழுத்து தனியாகத் திரும்பாது. பின்னால் வரும் வண்டியைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும். காதில் விழும் சத்தத்தை வைத்துத்தான் ஒதுங்குவது. இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு, நம் அரசுத் துறைகள் நடப்பவர்களின் பாதுகாப்பை எப்படி ஆராய்கின்றன என்று பார்க்கலாம்.

சாலை ஒன்றை அகலப்படுத்தலாமா என்று முடிவெடுக்கும் முன், அதில் என்னென்ன போகிறது என்று எண்ணுவார்கள். லாரியும் மொபெட்டும் ஒன்றல்ல என்பதால் எல்லாவற்றையும் 'கார் அளவு' என்ற பொது அலகுக்கு மாற்றுவார்கள். இந்தியச் சாலைப் பேராயம் 1990-இல் வெளியிட்ட அட்டவணைப்படி கார் 1, பேருந்தும் லாரியும் 3, சைக்கிள் அரை, தள்ளுவண்டி 3, மாட்டு வண்டி 8. மெதுவாகப் போய் இடத்தை அடைப்பதால் மாட்டு வண்டிக்கு இவ்வளவு பெரிய எண். கூடையோடு நடக்கும் பெண்ணுக்கு அந்த அட்டவணையில் வரிசையே இல்லை. சாலையின் கொள்ளளவைக் கணக்கிடும் அட்டவணை அது; அந்த வேலைக்கு அது சரியானதுதான். ஆனால் சாலைக்கான பணமும் அகலமும் பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்தே புறப்படுகின்றன என்பதால், அதில் வராத கால்கள் வரைபடத்திலும் வராமல் போகின்றன.

நடப்பவர்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிகளும் உண்டு. சாலையின் நடுவழியில் கடக்கும் இடம் அமைக்கலாமா என்பதற்கு ஒரு சூத்திரம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. உச்ச நேரத்தில் ஒரு மணியில் கடப்பவர்களின் எண்ணிக்கையை, வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்டினால் தகுதி. பிரிட்டனில் பிறந்த சூத்திரம் இது; அங்கேயே இன்று இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. குப்பத்துச் சாலைக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஒரு மணியில் 50 பேர் கடக்கிறார்கள், 300 வண்டிகள் போகின்றன என்று வைத்துக்கொண்டால் விடை 45 இலட்சம். 10 கோடியைத் தொட வேண்டுமானால் அதே ஒரு மணியில் 1,100-க்கு மேற்பட்டவர்கள் கடக்க வேண்டும். ஒரு குப்பமே திரண்டு வந்தாலும் போதாமல் போகலாம். மாற்றுத் தகுதியாக இன்னொன்றும் சொல்லப்பட்டிருக்கிறது: ஓராண்டில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பாதசாரிகள் அங்கே அடிபட்டிருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையின் 'கரும்புள்ளி' வரையறையும் இதே வழியில்தான் போகிறது. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள். முதலில் இரத்தம் சிந்த வேண்டும், பிறகுதான் கணக்கு தொடங்கும் என்ற இந்த முறை எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

கணக்கு தொடங்கிய பிறகு நடப்பதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமல்ல. விபத்து நடந்த இடத்தை வரைபடத்தில் குறிக்கும் கணினி முறையைக் காவல் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் இங்கே முன்பே கொண்டுவந்துவிட்டன. பின்னர் சென்னை ஐஐடி வடிவமைத்து, தேசிய தகவலியல் மையம் செயல்படுத்திய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் முதலில் ஆறு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. விபத்து நடந்தால் காவலர் அந்த இடத்திலேயே நின்று கைபேசியில் பதிவு செய்கிறார். அதிலிருந்து நெடுஞ்சாலைப் பொறியாளருக்கும் வாகன ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தகவல் போகிறது. கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்க 2017-இல் ஆணை வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி உறுதி செய்தது. ஒரு மருத்துவர் தன் மேசைக்கு வந்த உடைந்த எலும்புகளைப் பார்த்து நீதிமன்றப் படியேறினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

ஆனாலும் தரவுத்தளத்தில் ஏறுவது, காவல் நிலையத்துக்கு வருவது மட்டுமே. பைக் உரசிக் கூடை கவிழ்ந்து, முழங்கை சிராய்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப்போட்டுக்கொண்டு மறுநாள் மீண்டும் ஏலத்துக்குப் போகும் பெண்ணின் விபத்து எந்தத் திரையிலும் தெரியாது. மரணங்களிலும் பிசகு உண்டு. மத்திய அரசின் அறிக்கைப்படி 2014-இல் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 12,330 பேர். 2022-இல் 32,825 பேர், அதாவது இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர். எட்டு ஆண்டுகளில் சாலை அவ்வளவு கொடூரமாக மாறிவிட்டது என்று மட்டும் இதற்குப் பொருளல்ல. முன்பு சரியாக எண்ணவில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. நடப்பவர்களின் பங்கு அரசுக் கணக்கில் காட்டப்படுவதைவிட வெகு அதிகம் என்று டெல்லி ஐஐடியின் தினேஷ் மோகனும் சகாக்களும் நெடுங்காலம் எழுதிவந்தார்கள்.

இனி இருட்டின் இயற்பியலுக்கு வருவோம். தாழ்வொளி முகப்பு விளக்கில், அடர்நிறப் புடவை கட்டிய ஒருவர் ஓட்டுநருக்குத் தெரிவது ஏறக்குறைய 30 மீட்டரில்தான். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறவர், பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நல்ல காய்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 20 மீட்டர். மொத்தம் 45. பார்த்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவில் அந்தப் பெண் இருக்கிறார். அதே வண்டி 40-இல் வந்தால் 26 மீட்டருக்குள் நின்றுவிடும். ஓட்டுநர் அதே ஆள், கண் அதே கண், விளக்கும் அதே விளக்கு. வேகத்தில் குறைந்த 20 கிலோமீட்டர்தான் அவரைக் காப்பாற்றுகிறது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எதிரே வரும் விளக்கு தனக்குத் தெளிவாகத் தெரிவதால், தானும் ஓட்டுநருக்குத் தெரிவதாக நடப்பவர் நம்பிவிடுகிறார். எவ்வளவு தூரத்தில் தான் தெரிவோம் என்பதை மக்கள் மிகையாகவே மதிப்பிடுகிறார்கள் என்று சோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டையை மார்பில் ஒட்டுவதைவிடக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் ஒட்டினால் முன்னதாகவே தெரிகிறது. அசையும் மூட்டுகளைக் கண்டதுமே மூளை 'மனிதர்' என்று அடையாளம் கண்டுவிடுகிறது. கூடையின் விளிம்பைப் பிடித்திருக்கும் கையில் அப்படியொரு பட்டை, நடைக்கு நடை மேலும் கீழும் மின்னும்.

எந்தப் பக்கம் நடப்பது என்பதும் அற்பக் கேள்வியல்ல. பின்லாந்தில் லுவோமா, பெல்டோலா என்ற இரு ஆய்வாளர்கள் விபத்துப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். வாகனங்களுக்கு எதிர்முகமாக நடந்தவர்களுக்கு அபாயம் சராசரியாக 77 சதவீதம் குறைவாக இருந்தது. நமக்கு அது சாலையின் வலப்பக்கம். கழுத்தைத் திருப்ப முடியாதவருக்கு, வண்டி முன்னாலிருந்து வருவது பெரிய வரம். ஆனால் ஏலம் விடும் இடம் இடப்பக்கமும் பேருந்து நிறுத்தம் இடப்பக்கமும் இருந்தால், வலப்பக்கம் நடப்பதற்காக இரண்டு முறை சாலையைக் கடக்க வேண்டும். நிறுத்தம் எங்கே, கடக்கும் இடம் எங்கே என்று தீர்மானிக்கிறவர்களும் சேர்ந்தால்தான் இந்த அறிவுரைக்கு உயிர் உண்டு.

மரணத்துக்குக் காத்திராமல் ஆராயும் வழியும் இருக்கிறது. ஸ்வீடனின் லுண்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹியூதேன் 1980-களில் செம்மைப்படுத்திய முறை அது. மோதல்களை விட்டுவிட்டு, மயிரிழையில் தப்பியவற்றை எண்ணுவார்கள். கடைசி நொடியில் யார் ஒதுங்கினார், அப்போது வண்டி எவ்வளவு வேகம், இடைவெளி எவ்வளவு என்று பயிற்சி பெற்றவர்கள் ஓரமாக நின்று குறிப்பார்கள். சில நாட்களிலேயே, ஆண்டுக்கணக்கில் விபத்துப் பதிவுகள் சேர்ந்தபின் தெரியவேண்டியது தெரிந்துவிடும். பழவேற்காட்டுப் பெண்களிடம் கேட்டால், எந்த வளைவில் எப்போது நெஞ்சு பதறும் என்று இப்போதே சொல்லிவிடுவார்கள். அது கேட்டு எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

எழுதுவதற்கு அவசரமும் உண்டு. காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களால் இந்தப் பகுதிக்குக் கன்டெய்னர் லாரிகள் வந்து சேர்ந்துவிட்டன. சென்னை எல்லைச் சாலையின் முதல் பகுதி எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் வரை சுமார் 25 கிலோமீட்டர் பொன்னேரி வட்டாரத்தைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுப் பாலம் கடந்து கடற்கரை பார்க்க வருபவர்களின் பைக்குகளும் கார்களும் வேறு. ஊர் தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்கும் மேடு, சாலையைவிட உயர்த்திக் கட்டிய கடக்குமிடம், ஏலம் விடும் இடத்திலிருந்து நிறுத்தம் வரை ஒன்றே முக்கால் மீட்டருக்குக் குறையாத நடைபாதை, அங்கே நான்கு விளக்குகள். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் பொறியியல் அல்ல.

முதலில் தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம். விடியற்காலை மூன்றரையிலிருந்து ஆறரை வரை, ஏரிக்குப் போய்த் திரும்புகிறவர்களின் நேரத்தில், ஒரு வாரம் எண்ண வேண்டும்: எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் தலையில் பாரத்தோடு, எங்கே கடந்தார்கள், எத்தனை முறை சட்டென்று ஒதுங்கினார்கள். மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுவும் ஊராட்சியும் சேர்ந்தால் அதைச் செய்துவிடலாம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கூடும்போது ஆட்சியரின் மேசையில் அந்த ஏழு நாள் பக்கங்களை வைக்கலாம்.