கட்டைவிரல் வாதத்துக்கு ஒரு காலண்டர் அட்டை

ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட அலறுவார். இதுதான் 'கவுட்' என்கிற மூட்டு வாதம். ஒன்று இரண்டு வாரத்தில் தானாகவே வடிந்துவிடும். அங்கேதான் சங்கடமே, சகோதரிகளே! வலி போன கையோடு மாத்திரையும் பரணுக்குப் போய்விடும். உள்ளே நோய் வளர்ந்துகொண்டே இருக்கும். நாளாவட்டத்தில் மூட்டு கோணிக்கொள்ளும். சிறுநீரகத்தில் கல்லும் வரலாம்.

என் மாமனாருக்கு இந்த உபத்திரவம். ஒரு ஆஸ்பத்திரியில் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். முதல் வரியே 'பியூரின் மிகுந்த உணவுகளைத் தவிர்க்கவும்' என்று இருந்தது. "பியூரின்னா எந்தக் கடையிலம்மா விக்குது?" என்று கேட்டார் மாமா. நியாயமான கேள்விதானே? போதாததற்குத் தெருவில் ஆளுக்கொரு யோசனை. பருப்பு ஆகாது, கீரை ஆகாது, தக்காளி ஆகாது! மனுஷர் ரசஞ்சோறு தின்றே இளைத்துப் போனார். நான் டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, பழைய தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் மாட்டினேன். நீங்களும் செய்துகொள்ளலாம்.

தலைப்பில் சிவப்பு மையில் '6-க்குக் கீழே' என்று மட்டும் போட்டேன். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிஞ்சினால், பாகு முற்றிச் சர்க்கரை பூத்துக்கொள்கிறதே, அந்த மாதிரி மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகிறது. அளவு 6-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் படிந்ததெல்லாம் மெல்லக் கரையும். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கிலும் ஆகும்.

அடுத்தது மாத்திரை. இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். வலிக்கு ஒன்று, தினசரிக்கு ஒன்று. வலி மாத்திரைக்கு நெருப்புப் படமும், தினசரி மாத்திரைக்குச் சூரியன் படமும் வரைந்தேன். மாமாவுக்குத் தினசரி மாத்திரை அலோபுரினால். டாக்டர் 100 மில்லிகிராமில் ஆரம்பித்துக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டுகிறார். ஆரம்பித்த சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். 'மாத்திரை ஒத்துக்கலை' என்று நிறுத்தக் கூடாது. உடம்பில் தடிப்பு கிளம்பினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். (இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஜெர்ட்ரூட் எலியன் என்கிற பெண்மணி. பெண் என்பதால் முதலில் ஆராய்ச்சி வேலையே கொடுக்க மறுத்தார்களாம். 1988-ல் நோபல் பரிசு வாங்கினார்!)

சாப்பாட்டில் வேண்டாதவை: ஈரல், குடல், நெத்திலி, மத்தி, பீர், சாராயம், கலர் பாட்டில்கள். பரங்கிப்பேட்டை இறாலும் நண்டும் வந்தால் நாக்கை அடக்க வேண்டியதுதான். வீராணம் ஏரி மீன் என்றைக்காவது ஒரு துண்டு. பருப்பையும் கீரையையும் தாராளமாகப் போடுங்கள். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு வருஷம் கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இறைச்சியும் கடல் மீனும்தான் இந்த நோயைக் கூட்டின. காய்கறியில் உள்ள பியூரின் கூட்டவில்லை. பால் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாகவே வந்தது. மோர் நல்லது, தண்ணீரும் நிறைய. பட்டினி விரதம் வேண்டாம். பத்தியம் மட்டும் இருந்தால் 6-க்கு இறங்கிவிடாது என்பதையும் எழுதி வைத்தேன்.

வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ்கட்டி வைத்து, காலை உயர்த்திப் படுக்கட்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஜாக்கிரதை. இன்னொன்று: வேலியில் படரும் செங்காந்தள், அதுதான் கண்வலிக்கிழங்கு, நம் மாநிலப் பூ. வாதத்துக்குத் தரும் கோல்ச்சிசின் என்கிற மருந்து அதிலும் இருக்கிறது. அதனால் கிழங்கை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து! இந்த வரிக்கு மண்டையோடு வரைந்தேன்.

எழுதி மாட்டினால் மட்டும் போதாது. எழுத்து தெரியாத பக்கத்து வீட்டு ஆயாவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டிச் சொல்லச் சொன்னேன். "சூரியன் தெனமும் வருதுல்ல, இதுவும் தெனமும்" என்றார். அட்டை பாஸ்!

விளக்கிச் சொல்வதால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு சேதி. இங்கிலாந்தில் 517 நோயாளிகளை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு பிரிவினருக்கு நர்ஸுகளே நோயை விளக்கி, மாத்திரையையும் அளவு பார்த்துக் கூட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்களில் 100-க்கு 95 பேருக்கு அமிலம் இறங்கியிருந்தது. வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களில் 100-க்கு 30 பேருக்குத்தான்.

ஆம்பளைகள் நோய் என்று நாம் அலட்சியமாக இருக்க வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கும் வரும். பிரஷருக்குத் தரும் சில நீர் மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையின் அடியில் தேதிக்கும் அளவுக்கும் இரண்டு கட்டம் விட்டேன். மாமாவே பென்சிலால் எழுதி வருகிறார்: 8.9, 7.6, 6.4. அடுத்த பரிசோதனை தை மாதம்.