டிராக்டரினின்று டிரெய்லர் கழன்று விழாமற் காக்கும் வழிகள்

கட்டை வண்டி ஓட்டிப் பழகிய நமது விவசாயிகளுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாடுகளின் தொண்டையை இறுக்கும். ஆதலால் அனுபவமுள்ள வண்டிக்காரன் பாரத்தை ஏற்றியவுடன் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பான். கடையாணி அதனிடத்தில் உள்ளதா என்றும் பார்ப்பான். அதன் பின்னரே மாடுகளைப் பூட்டுவான். இன்று பெரும்பாலான ஊர்களில் எருதுகளின் இடத்தை டிராக்டர் பெற்றுவிட்டது. டிராக்டருக்குத் தொண்டை இறுகுவதில்லை. ஆகவே பாரம் ஏற்றியதில் பிழை நேர்ந்திருப்பினும் அது முன்கூட்டி அறிவிப்பதுமில்லை. பிழை வெளிப்படுவது பெரும்பாலும் டிரெய்லர் கழன்ற பிறகேயாகும்.

மேட்டில் ஏறுங்கால் கழன்ற டிரெய்லர் பின்னோக்கி உருண்டோடும். நமது டிரெய்லர்களில் பலவற்றிற்குத் தனியாகப் பிரேக் இல்லாமையால் அதனைத் தடுத்து நிறுத்துவார் ஒருவருமிலர். சமதரையில் கழன்றாலோ அதன் முன்சட்டம் மண்ணிற் குத்தி நின்று, மேலுள்ள பாரமும் ஆட்களும் தூக்கியெறியப்படுவர். இவ்விபத்துக்களின் காரணத்தை ஆராயின், கனத்த இரும்பு முறிந்ததால் நேர்ந்தவை சிலவே. சில ரூபாய் விலையுள்ள ஒரு பூட்டுப்பின் இல்லாமையால் நேர்ந்தவை பல என்பது புலனாகும்.

கழல்வதற்குக் காரணங்கள்

டிரெய்லரின் முன்சட்டத்து நுனியிலுள்ள வளையத்தை டிராக்டரின் கொக்கித் தகடுகளுக்கு நடுவே வைத்து, மேலிருந்து ஓர் ஆணியைச் செருகுவதே வழக்கமான பிணைப்பு. அவ்வாணியின் கீழ்முனையில் ஒரு துளையுண்டு. அதில் பூட்டுப்பின் செருகப்படாவிடில், பள்ளம் மேடுகளில் குலுங்குந்தோறும் ஆணி சிறிது சிறிதாக மேலேறி முடிவில் வெளியே வந்துவிடும். பூட்டுப்பின் தொலைந்தபோது கட்டுக்கம்பியை முறுக்கி வைப்பதும், ஆணியே தொலைந்தபோது கட்டடக் கம்பித் துண்டையோ கையிற் கிடைத்த போல்ட்டையோ செருகி வைப்பதும் பலரிடம் காணப்படும் வழக்கம். கம்பி அறுபடும், அளவிற் சிறுத்த போல்ட்டு வளையும், முறியும்.

இரண்டாவது காரணம் தேய்மானம். நாளடைவில் வளையத்தின் வட்டத்துளை நீண்டு முட்டை வடிவமாகும். ஆணியின் நடுப்பாகம் மெலியும். அதன் பின் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் நிற்கும்போதும் அவ்விடைவெளியில் சம்மட்டி அடிபோன்றதோர் அதிர்ச்சி விழும். இடைவெளி கண்ணுக்குத் தெரியுமளவு பெருகிய வளையத்தையும் மெலிந்த ஆணியையும் மாற்றிவிடுதலே செட்டானது.

பாரம் ஏற்றும் முறை

மூன்றாவது காரணம் பின்பாரம். இஃது இருசக்கர டிரெய்லர்களுக்கே உரியது. ஒரு கணக்கால் இதனை எளிதில் அறியலாம். அச்சிலிருந்து வளையம் வரை 3 மீட்டர் தூரம் என்றும், ஏற்றிய பாரம் 3,000 கிலோ என்றும் கொள்வோம். பாரத்தின் நடுவிடம் அச்சிற்கு 30 சென்டிமீட்டர் முன்னே அமையுமாயின், கொக்கியின்மேல் 300 கிலோ கீழ்நோக்கி அழுத்தும். வளையம் தன்னிடத்தில் அமைந்திருக்கும். அதே பாரம் 30 சென்டிமீட்டர் பின்னே அமையுமாயின், அதே 300 கிலோ வளையத்தை மேல்நோக்கித் தூக்கும். அப்போது பூட்டில்லாத ஆணியும் வளையத்தோடு மேலெழும்ப இடமுண்டாகும். டிராக்டரின் பின்சக்கரங்களும் தரைப்பிடிப்பை இழக்கும்.

ஆகவே கரும்பு, வைக்கோல், செங்கல், எருமூட்டை எதுவாயினும் முன்பாரம் சிறிது மிகுமாறு ஏற்றுதல் வேண்டும். ஆனால் முன்பாரம் அளவு கடப்பின் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகித் திருப்புதல் கடினமாகும் என்பதையும் மறத்தலாகாது. இழுவைப் பிணைப்பை அதற்கென அமைந்த தாழ்ந்த கொக்கியிலேயே செய்தல் வேண்டும். மேல் இணைப்பிலோ பின்னச்சுக்கு மேற்பட்ட வேறிடத்திலோ பிணைத்திழுத்தால், டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுநர்மேல் பின்னோக்கிக் கவிழும். அவர் விலகித் தப்புதற்குப் போதிய நேரமும் இராது.

பிறநாட்டு அனுபவம்

வட அமெரிக்காவில் பண்ணையாளரும் நெடும்பயணம் செய்வோரும் பிக்கப் வண்டியின் பின்தளத்தின்மேலேயே டிரெய்லரின் முன்பாகத்தை ஏற்றிப் பிணைப்பதுண்டு. அப்பிணைப்புக்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். குதிரை பூட்டிய நாற்சக்கர வண்டிகளில், முன்னச்சு திரும்புதற்காகக் கிடையாக அமைத்த வளையத்திற்கு வழங்கிய பெயர் அது. நமது நாற்சக்கர டிரெய்லர்களின் முன்னச்சின்மேல் உள்ள திருப்பு வளையமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

அவ்வமைப்பில் டிரெய்லரினின்று கீழ்நோக்கி நிற்கும் ஏறத்தாழ 2 அங்குலக் கனமுள்ள ஆணியை, பிக்கப்பின் மேலுள்ள இரும்புத் தாடைகள் கவ்விக்கொள்ளும். டிரெய்லரின் முன்பாகம் வேண்டிய அளவினும் உயர்ந்து நிற்கையில் பிணைத்தால், ஆணி தாடைகளுக்குள் முற்றும் இறங்காது மேல்விளிம்பிலேயே தங்கிவிடும். புறத்தே பார்ப்பவர்க்குப் பிணைப்பு முடிந்ததாகவே தோன்றும். தாங்குகால்களைத் தூக்கி வண்டி நகர்ந்தவுடன் டிரெய்லர் பிக்கப்பின் பக்கத் தகடுகளின்மேல் விழுந்து அவற்றை நசுக்கும். இது கருதியே அந்நாட்டார், தாடைகள் மூடியுள்ளனவா என்று குனிந்து விளக்கொளியில் பார்க்கவும், தாங்குகால்களைத் தூக்குமுன் டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை மெல்ல முன்னிழுத்துச் சோதிக்கவும் பழகியுள்ளனர். இச்சோதனை நமக்கும் ஏற்றது.

பிணைக்கும் முறையும் கழற்றும் முறையும்

1. சமதரையில் நிறுத்தி, டிரெய்லரின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க.

2. டிராக்டர் பின்னே வரும்போது இடையில் ஒருவரும் நிற்கலாகாது. டிராக்டர் நின்று, பிரேக் பூட்டிய பின்னரே ஆணியைச் செருகச் செல்க.

3. ஆணி அடிவரை இறங்கியதைப் பார்த்து, கீழ்த்துளையில் பூட்டுப்பின்னைச் செருகுக. மாற்றுப் பின் இரண்டு எப்போதும் கருவிப் பெட்டியில் இருத்தல் வேண்டும்.

4. தாங்குகால் தரையை ஒட்டியும் சக்கரக் கட்டைகள் தம்மிடத்திலும் இருக்கும்போதே, தாழ்ந்த கியரில் டிராக்டரை மெல்ல முன்னிழுத்துப் பார்க்க. பிணைப்பு நின்றால் மட்டும் காலைத் தூக்கிக் கட்டைகளை எடுக்க.

5. ஆணி தவறினும் டிரெய்லர் ஓடாதிருக்கப் பாரத்திற்கேற்ற காவற் சங்கிலியொன்றை டிராக்டரின் சட்டத்தோடு பூட்டுக. சங்கிலி தரையில் உராயாமலும், திரும்புதற்கு இடங்கொடுத்தும் இருத்தல் வேண்டும்.

6. வழியில் சாயா அருந்த நிற்கும்போதும் பூட்டுப்பின்னை ஒருமுறை பார்த்துவிடுக.

7. இருசக்கர டிரெய்லரில் பாரம் உள்ளபோது ஆணியை உருவலாகாது. முன்புறச் சரக்கை முதலில் இறக்கினால் எஞ்சியது பின்பாரமாகும். அப்போது ஆணியை உருவினால் முன்சட்டம் மேலே துள்ளி அருகில் நிற்பவரைத் தாக்கும். ஆகவே பின்புறமிருந்து இறக்கி வருக.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்திற்கு

திருவிழா, திருமணம், நடவு வேலை ஆகியவற்றிற்கு ஆட்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்வது சட்டத்திற்கு மாறானது. சரக்குக்கென அமைந்த வண்டியில் மனிதர் அமர்ந்து பிடித்துக்கொள்ள வகையில்லை. பிணைப்பு கழன்றால் உயிர்ச்சேதம் பன்மடங்காகும். கிராம சபைக் கூட்டங்களிலும், அறுவடைக்கு முன்னும் இதனை எடுத்துரைப்பது உத்தியோகஸ்தர் செய்யத்தக்க பேருதவியாகும். டிராக்டரை வாடகைக்கு விடும் மிராசுதாரர்களும், ஓட்டுநரை விரைவுபடுத்துவதை விடுத்து, ஆணியையும் பூட்டுப்பின்னையும் சங்கிலியையும் பார்த்த பின்னரே வண்டியைப் புறப்படுமாறு கட்டளையிடுதல் வேண்டும். இதற்காகும் நேரம் ஐந்து நிமிஷத்திற்கு மேற்படாது. கடையாணியைப் பாராது வண்டி பூட்டாத நமது முன்னோர் வழக்கத்தை, டிராக்டர் ஓட்டும் இளைஞரும் கைக்கொள்வாராக.