வாடகையில்லா வீட்டின் விலை

உலக மகிழ்ச்சி அறிக்கைக்காக ஊர் ஊராகக் கேட்கும் கேள்விதான்: 0 முதல் 10 வரை ஓர் ஏணி, உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில்? மலாக்காவின் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் கேட்டபோது, ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவர் சிரித்துவிட்டார். "ஏணிய எங்க சாத்துறது தம்பி? செவரு நம்மளுதா இருக்கணுமே!"

படிப்பு, உடல்நலம், நல்ல அக்கம்பக்கம் எல்லாம் மனநிறைவைத் தீர்மானிக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் மலாக்காவில் எங்கே பேச்சைத் தொடங்கினாலும் அது வீட்டில்தான் வந்து நின்றது.

சம்பளம் ஏறாமலில்லை. தீபகற்பத்தில் 2013இல் 900 வெள்ளியாக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ஆனது. வாசலில் மோட்டார், பிள்ளைகள் கல்லூரியில். லயத்து வீட்டுக்கு வாடகையும் கிடையாது. சிக்கலே அங்கேதான். வாடகை இல்லாததால் சொந்த வீட்டு நினைப்பு தள்ளிப்போகிறது. 60 வயதில் வேலை முடிகிறது, சாவி கேட்கிறார்கள். சேமநிதிப் பணத்தில் மகள் கல்யாணம் போக மிச்சம் முன்பணத்துக்குக் காணும். ஆனால் 60 வயதுக்காரருக்கு எந்த வங்கி முப்பது வருடக் கடன் தரும்? தொழிலாளர் குடியிருப்புக்கு 1966இலும் 1990இலும் வந்த சட்டங்கள் தண்ணீரும் விளக்கும் ஒழுகாத கூரையும் பற்றிப் பேசின. வேலை முடிந்த மறுநாள் எங்கே படுப்பது என்பது அவற்றின் கவலையல்ல.

நகரோரத்து மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கும் குறை நிறைய. லிப்ட் ஓடாது, முருங்கை வைக்க இடமில்லை, கோயில் தூரம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் பழைய தோட்டத்துச் சனங்களைப் பார்த்தால்தான் உண்டு. "திரும்பப் போவீங்களா?" என்றால் மட்டும் ஒருவரும் தலையாட்டுவதில்லை.

தமிழ் வணிகர் வழிவந்த காஜா பெராங் செட்டிகளைப் பாருங்கள். வீட்டில் பேசுவது மலாய். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஒரே கம்பம், ஒரே கோயில்கள். தமிழை விடாத தோட்டத்துக்காரர் கையில் நிலம் தங்கவில்லை. 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் வணிகப் பயிராக ஊன்றப்பட்டது முதல் எத்தனை தோட்டம் கைமாறி, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகிவிட்டது! 1960களில் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிக் கூட்டுறவில் தோட்டத்தையே வாங்கினார்கள். இன்று அதே பாணியில், முப்பது வயதிலேயே சம்பளத்தில் வீட்டுக்கென்று ஒரு தொகை பிடித்தால் என்ன என்று கேட்டேன்.

"எங்கள விடுங்க, பையன்கிட்ட சொல்லுங்க" என்றார் அந்தப் பெரியவர். "அவனும் இன்னும் லயத்துலதான் இருக்கான்."