சிக்கனத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்



கல்லடிப் பாலத்தின் மீது நின்று மட்டக்களப்பு வாவியைக் காண்பவர்க்கு அங்கு வீசும் காற்று இனியது. கரையோரத்திற் பழைய கார் ஒன்றை வைத்திருப்பவர்க்கோ அதே காற்றுப் பகை. ஒருபுறம் கடல், மறுபுறம் உவர்நீர் வாவி. இடையே கிடக்கும் நிலத்திற் காற்றோடு உப்பும் கலந்து வருகின்றது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்க, ஈரம் இரும்பைத் தின்கின்றது. ஆகவே, அறுபது ஆண்டு வயதுடைய காரொன்றைச் சிறு ஸ்போர்ட்ஸ் காராக மாற்ற விரும்பும் இளைஞன், இக்கரையில் முதலிற் கணக்கிட வேண்டியது வேகத்தையன்று, கறளையே.

இவ்வாசை செல்வர்க்கு மட்டுமே உரியதென்று கருத வேண்டா. இங்கிலாந்தில் 1922 முதல் 1939 வரை உற்பத்தியான ஒஸ்டின் செவன் என்னும் சின்னஞ்சிறு கார், பிற்காலத்திற் பழைய வண்டியாக மிக மலிவாய்க் கிடைத்தது. அதன் உடற்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் இலேசான தகரக் கூடொன்றைத் தாமே பொருத்திப் பந்தயம் ஓடியோர் பலர். கொலின் சப்மன் என்னும் இளைஞர் 1948ஆம் ஆண்டில், பின்னாளில் தம் மனைவியான ஹேசலின் பெற்றோர் வீட்டுக் கொட்டிலிலே அத்தகைய கார் ஒன்றைக் கட்டினார். அக்கொட்டிலிலிருந்து பிறந்ததே லோட்டஸ் நிறுவனம். 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பகுதி பகுதியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். அவ்வாறு செய்தவர்க்கு அந்நாட்டின் கொள்வனவு வரியும் மிச்சமாயிற்று.

நம் தீவிலே ஒஸ்டின் செவனின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கது மொறிஸ் மைனர். 1948இல் வெளிவந்த இக்கார் பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையிற் கார் இறக்குமதி இறுகியபோது, இருந்த கார்களைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டுவதே வழியாயிற்று. அத்தேவை நம்மவரிடம் ஒரு கைத்திறனை வளர்த்தது. 1990களில், மொறிஸ் மைனருக்கு வேண்டிய தகர உறுப்புக்கள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பப்பட்டன என்றால், அத்திறனின் மதிப்பை அளந்துகொள்ளலாம்.

இனி, சாதாரணக் கார் எவ்வாறு ஸ்போர்ட்ஸ் கார் ஆகின்றது என்பதைப் பார்ப்போம். 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமுடைய மொறிஸ் மைனரின் வலு 37 குதிரைவலு. எடை ஏறக்குறைய 750 கிலோகிராம். 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் இயந்திரமும் இதே இனத்தது, இதே கொள்ளளவினது. திசை திருப்பும் பொறியும் மைனரினுடையதே. இரண்டு காபரேற்றர்கள் பூட்டியதனாலும் வேறு சில திருத்தங்களாலும் வலு 43 ஆயிற்று. எடையோ ஏறக்குறைய 660 கிலோகிராமாகக் குறைந்தது. தொன் ஒன்றுக்குக் கணக்கிட்டால் மைனருக்கு 49 குதிரைவலு, ஸ்ப்ரைட்டுக்கு 65. கூட்டிய வலு ஆறுதான். எனினும் பயன் மூன்றில் ஒரு பங்கு பெருகியது. வலுவைக் கூட்டப் பணம் வேண்டும். எடையைக் குறைக்கப் பெரும்பாலும் பொறுமை போதும்.

ஆனால் எடையைக் குறைக்கின்றேன் என்று வாளை எடுத்து மைனரின் கூரையை அறுப்பவன் பெருந்தவறு செய்கின்றான். அக்காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. கூரையும் தூணும் தரையும் சேர்ந்தே அதனைத் தாங்குகின்றன. கூரை மடியும் மைனரைத் தொழிற்சாலையிற் செய்தபோது, கதவுக்குக் கீழுள்ள பகுதியைத் தனியே பலப்படுத்தியே செய்தனர். உப்புக் காற்று முதலில் அரிப்பதும் அப்பகுதியையே. கறள் தின்ற அடியுடன் கூரையையும் இழந்த கார், குழியில் விழும்போது நடுவே மடங்கலாம். தனி அடிச்சட்டமுடைய ட்ரயம்ப் ஹெரல்ட் இவ்வேலைக்கு ஏற்றது. 1962இல் வந்த ஸ்பிற்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரல்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித் திருத்தி அமைக்கப்பட்டதே.

மேற்கூட்டுக்கு வழி நம் வாவிக் கரையிலேயே இருக்கின்றது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் பெருந்தொகையாக வழங்கப்பட்ட பைபர் வள்ளங்களை நாம் அறிவோம். அச்சொன்றின் மேற் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, பிசின் பூசி, அடுக்கடுக்காய் இறுகச் செய்வதே அத்தொழில். அமெரிக்காவின் கோர்வெட் கார் 1953இல் இவ்வகை உடற்கூட்டுடனேயே வெளிவந்தது. இயந்திர மூடியும் சில்லு மறைப்பும் இம்முறையிற் செய்யப்பட்டால் இலேசாகும், கறளும் அணுகாது. வள்ளம் கட்டும் கைகள் அவற்றைச் செய்ய வல்லவை. ஆனால், பாரம் தாங்கும் இரும்பை நீக்கி அவ்விடத்தில் இதனை வைத்தல் ஆகாது.

பணத்தைச் செலவிடும் முறையும் ஒன்றுண்டு. முதலிற் கறள் நீக்கலும் ஒட்டு வேலையும், அடுத்துப் பிறேக்கும் ரயரும், அதன் பின்னரே இயந்திரம், இறுதியிற் பூச்சு. பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிப் பளபளக்கும் பூச்சோடு பணத்தையும் முடித்துவிடுகின்றனர். வேகம் இருமடங்கானால், பிறேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். ஸ்ப்ரைட்டுக்கே 1962இல் முன்சில்லுகளில் டிஸ்க் பிறேக் தேவைப்பட்டது. மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ்த் திருகுமூட்டுக்குக் காலந் தவறாது கிறீஸ் இடாவிடின் அது தேய்ந்து கழன்று, ஓடும்போதே சில்லு சரிந்துவிடும். மாலை நேரத்திலே மாடுகள் படுத்திருக்கும் நம் வீதிகளில் இவை சிறு விடயங்கள் அல்ல.

இயந்திரமோ உடற்கூடோ மாறினால், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவையும் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். வாளை எடுக்குமுன் அடிச்சட்ட இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

இறுதியாக ஒன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திற் பழைய கார்களின் அருமையை நாடே உணர்ந்தது. முழுமையாய் எஞ்சியுள்ள காரை அப்படியே பேணுவோம். உடற்கூடு மீட்க முடியாதபடி அழிந்து, அடிச்சட்டமும் இயந்திரமும் உறுதியாய் எஞ்சியதையே மாற்றத்துக்குத் தேர்வோம். பூச்சை மறுபடி அடிக்கலாம். இயந்திரத்தை மறுபடி பூட்டலாம். அறுத்தெறிந்த கூரை மட்டும் திரும்பி வருவதில்லை.