வீட்டில் இருந்தே காச நோய் குணமாகும்! உலகத்துக்குக் காட்டியது சென்னை

"காச நோய்" என்று டாக்டர் சொன்னால், அந்தக் காலத்தில் வீடே அழும்.

நோயாளியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சானிடோரியத்துக்கு அனுப்பவேண்டும் என்பார்கள். அங்கே நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. மாதக் கணக்கில் படுத்தே கிடக்கவேண்டும். (தாம்பரத்தை அடுத்த ரெயில் நிலையத்துக்குப் பெயரே சானிடோரியம்தான்!)

சம்பாதிக்கிறவர் போய்விட்டால் அடுப்பு எரிவது எப்படி? தாய் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? போகத் துணிந்தவருக்கும் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஏழை நாடுகள் எல்லாவற்றிலும் இதே கதிதான்.

சென்னையில் சோதனை

1956-ம் ஆண்டு சென்னையில் ஒரு சோதனை தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய, சென்னை, பிரிட்டிஷ் நிபுணர்களும் இதில் சேர்ந்தார்கள்.

நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானிடோரியத்துக்குப் போனது. மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நெருக்கமான வீடு, அரைகுறைச் சாப்பாடு. ஆனால் மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோநியாசிட், பாஸ். ஒரு வருஷம் சாப்பிடவேண்டும்.

வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? சுகாதார ஊழியர்கள் திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரையும் சோதித்தார்கள். சும்மா விடவில்லை!

1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணம் அடைந்திருந்தார்கள்! அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. மருந்து உள்ளே போனதும் கிருமியின் வேகம் அடங்கிவிடுகிறது.

அதன் பிறகு உலகம் எங்கும் சானிடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சோதனை நடத்திய நிலையம், சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இன்றும் இயங்குகிறது.

இன்னும் ஏன் சாகிறார்கள்?

மருந்து இருந்தும் 2023-ம் ஆண்டில் உலகில் 12½ லட்சம் பேர் காச நோயால் இறந்தார்கள். அந்த ஆண்டில் நோய் கண்டவர்களோ 1 கோடியே 8 லட்சம் பேர். அவர்களில் நாலில் ஒருவர் இந்தியர்!

இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். உடம்பு தேறும். "இனி மருந்து எதற்கு?" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் கிருமி அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாகப் பெருகிவிடலாம். பிறகு அதுவே அடுத்தவருக்கும் தொற்றும். அதற்கு வேறு மருந்துகள் வேண்டும். விலையும் அதிகம்.

இன்னொரு காரணம் பசி. காற்றில் வரும் கிருமி பலருடைய உடம்பில் புகுந்து, சும்மா தூங்கிக் கிடக்கும். உடம்பு இளைத்தால் விழித்துக்கொள்ளும்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் மட்டும், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். பெரியவர்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1½ கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023-ல் முடிவு வந்தது. அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர்கள், மற்றக் குடும்பங்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு!