சிலவேளை தொடங்கி, சிலவேளை தொடங்க மறுக்கும் உழவு இயந்திரம்

பெரும்போகத்தின் முதன்மழை பெய்து, நிலம் உழவுக்கேற்ற பதத்தில் இருக்கும் காலம் மிகக் குறுகியது. இரணைமடு போன்ற பெருங்குளங்களின் கீழ்ச் சிறுபோகம் செய்வோருக்கு, வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாளில் உழவு நடவாவிடின் அடுத்த முறை வரை காத்திருத்தல் வேண்டும். விடியுமுன் மரக்கறி ஏற்றிச் சுன்னாகம், மருதனார்மடம் முதலிய சந்தைகளுக்குச் செல்வோருக்கோ ஒரு மணி நேரத் தாமதமே நட்டமாகும். இத்தகைய வேளைகளில் திறப்பைத் திருப்பியும் உழவு இயந்திரம் தொடங்காதிருந்தால், கமக்காரர் படும் துன்பம் சொல்லுந்தரமன்று.

முற்றாகப் பழுதடைந்த இயந்திரத்தைத் திருத்துதல் எளிது. பழுது எப்பொழுதும் கண்முன் நிற்கும். ஒருநாள் தொடங்கி மறுநாள் தொடங்க மறுக்கும் இயந்திரமே ஆளை ஏமாற்றுவது. திருத்துமிடத்துக்குக் கொண்டு சென்றால் அங்கே அது குறையின்றித் தொடங்கும். ஆகவே பலரும் ஊகத்தின்பேரிற் புதுப் பற்றரி வாங்குவர். அதனாலும் தீராதவிடத்து ஸ்ராட்டர் மோட்டாரை மாற்றுவர். இறுதியில் ஒரு வயரின் முனையிற் படிந்த துருவே காரணமெனக் காண்பர். அரைமணி நேரத்தில் அரத்தாள் கொண்டு தீர்த்திருக்கக்கூடிய குறைக்காகப் பெரும்பணம் வீணாகிவிடும்.

எனவே, முதல் விதி இது: பழுது தோன்றியிருக்கும் வேளையிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும், சோதித்தறியுமுன் எந்த உறுப்பையும் மாற்றலாகாது.

குறித்து வைத்தல்

இயந்திரம் தொடங்க மறுக்கும் ஒவ்வொரு முறையும் பின்வருவனவற்றைச் சிறு கொப்பியொன்றிற் குறித்துக்கொள்ளுங்கள்: காலையா, மாலையா? இயந்திரம் குளிர்ந்திருந்ததா, வேலை செய்து சூடேறியிருந்ததா? முதல்நாள் மழை பெய்ததா? எத்தனை நாட்கள் ஓடாதிருந்தது? திறப்பைத் திருப்பியபோது என்ன ஒலி கேட்டது? நான்கைந்து முறை குறித்தபின் ஓர் ஒழுங்கு தென்படும். காலையில் மட்டும் மறுப்பதற்கும் சூடேறியபின் மட்டும் மறுப்பதற்கும் காரணங்கள் வேறு.

ஒலியைக் கேட்டறிதல்

எஞ்சின் சுழலாதிருத்தல் ஒரு வகை. நன்றாகச் சுழன்றும் எரியாதிருத்தல் இன்னொரு வகை. முன்னையது மின்சார வழியின் குறை. பின்னையது பெரும்பாலும் எரிபொருள் வழியின் குறை. கைப்பிடியாற் சுழற்றித் தொடங்கும் இரு சில்லு உழவு இயந்திரங்களில் மின்சார வழி இன்மையால், அவற்றை உடையோர் எரிபொருள் பற்றிய பகுதியை மட்டும் கவனித்தல் போதும்.

எஞ்சின் சுழலாதவிடத்து, முன்விளக்குகளை எரியவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். எவ்விதக் கருவியும் வேண்டாத சோதனை இது.

1. விளக்கு முற்றாக மங்கினால் அல்லது அணைந்தால், பற்றரி வலுவிழந்துள்ளது, அல்லது அதன் இணைப்புக்களில் ஒன்று தளர்ந்தோ துருப்பிடித்தோ உள்ளது. இவ்வேளையில் 'டக், டக்' என்னும் தொடரொலியும் கேட்கலாம்.

2. விளக்கு ஒளி குறையாதிருக்க, எவ்வித ஒலியும் எழாவிடின், ஸ்ராட்டருக்குக் கட்டளை மின் செல்லவில்லை. திறப்பு ஆளியிலோ, கியர் ஆளியிலோ, அவற்றின் மெல்லிய வயர்களிலோ குறையுண்டு.

3. விளக்கு ஒளி குறையாதிருக்க, 'டக்' என்று ஒருமுறை மட்டும் ஒலித்து நின்றால், சொலனோயிட்டின் உட்தொடுகைகள் தேய்ந்திருக்கலாம். அல்லது ஸ்ராட்டரின் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம்.

பற்றரியும் அதன் இணைப்புக்களும்

இடையிடையே தோன்றும் பழுதுகளுக்கு இணைப்புக்களே மிகப் பொதுவான காரணம். பற்றரி முனைகளிற் பூத்திருக்கும் வெண்மையான அல்லது பச்சை நிறமான படிவு மின்னோட்டத்தைத் தடுக்கும். விளக்கு எரியச் சிறிதளவு மின்னே போதும். ஸ்ராட்டருக்கோ நூற்றுக்கணக்கான அம்பியர் வேண்டும். ஆகையால் விளக்கு எரிவதைக் கொண்டு மட்டும் இணைப்பு நன்றென முடிவு செய்தலாகாது.

உழவு இயந்திரத்தின் உடலோடு இணையும் ஏர்த்து வயரை முதலிற் கழற்றி, அதன் பின்னர் மற்றையதைக் கழற்றுங்கள். அப்பச்சோடா கரைத்த நீராற் கவ்விகளைக் கழுவி, முனைகளை அரத்தாளால் உலோகம் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது கிறீசு பூசுங்கள். பூட்டும்போது ஏர்த்து வயரை இறுதியிற் பூட்டுதல் வேண்டும்.

ஏர்த்து வயரின் மறுமுனையைப் பலர் மறந்துவிடுவர். அது உடலோடு ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும் இடம் சேற்று நீரில் நனைந்து துருவேறும். வயலதிர்விற் சிலவேளை தொட்டும் சிலவேளை தொடாமலும் நின்று, காரணமறியாப் பழுதைத் தோற்றுவிப்பது இதுவே. அவ்விடத்துப் பூச்சையும் துருவையும் சுரண்டி மீண்டும் இறுக்குங்கள்.

வோல்ற்றுமானி கிடைக்குமாயின் ஐயம் முற்றாகத் தீரும். ஓய்ந்திருக்கும் 12 வோல்ற்றுப் பற்றரி முழுமையாக மின்னேற்றப்பட்டிருப்பின் ஏறக்குறைய 12.6 வோல்ற்றைக் காட்டும், 12.2 ஆயின் பாதியளவே மின் உளது. ஸ்ராட்டர் சுழலும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால், பற்றரி தளர்ந்துள்ளது, அல்லது ஸ்ராட்டர் அளவுக்கு மீறி மின்னை இழுக்கின்றது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டாவிடின் மின்னேற்றும் பகுதியைச் சோதித்தல் வேண்டும். வயரைச் சோதிக்க, மானியின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த்து முனையிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, இன்னொருவரைக் கொண்டு ஸ்ராட்டரைச் சுழற்றுங்கள். அரை வோல்ற்றுக்கு மேற்பட்டால் குறை அந்த வழியிலேயே உளது.

ஆளிகளும் ஸ்ராட்டரும்

பல உழவு இயந்திரங்களில், கியர் நடுநிலையில் இருந்தாலொழிய ஸ்ராட்டர் இயங்காதவாறு ஒரு காப்பு ஆளி பொருத்தப்பட்டுள்ளது. மாசி பேர்கூசன் 135, 240 ஆகியவற்றில் இது உயர்வேக, தாழ்வேகத் தடியுடன் தொடர்புடையது. வேறு சிலவற்றிற் கிளச்சுக் கட்டையுடன் தொடர்புடையது. தடியைச் சற்று அசைத்தபின் ஸ்ராட்டர் இயங்குமாயின் இவ்வாளியைத் துப்புரவாக்கவோ, சீர்படுத்தவோ, மாற்றவோ வேண்டும். அதனை அகற்றி நேரே வயர் தொடுத்தல் ஒருபோதும் கூடாது.

ஸ்ராட்டரின் உடலில் மரத்தடியால் மெல்லத் தட்டியதும் சுழலுமாயின், கரித்துண்டுகள் தேய்ந்தமைக்கு அது அடையாளம். அது மருந்தன்று. விரைவில் ஸ்ராட்டர் முற்றாக நின்றுவிடும். போகம் தொடங்குமுன் திருத்துவிப்பது நன்று.

ஸ்ராட்டர் இரைச்சலுடன் வீணே சுழன்று எஞ்சினைப் பற்றாவிடின், பெருஞ்சில்லின் பற்கள் ஓரிடத்தில் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் ஒருசில நிலைகளிலேயே நிற்பதால், அப்பற்களே அதிகம் தேயும். வேறு நிலையில் நின்ற நாட்களிற் குறையின்றித் தொடங்கும்.

எரிபொருள் வழி

எஞ்சின் வேகமாகச் சுழன்றும் எரியாவிடின் புகைக்குழாயைப் பாருங்கள். புகையே வராவிடின் டீசல் எஞ்சினுட் செல்லவில்லை. வெண்புகை வந்தால், டீசல் செல்கிறது; ஆனால் எரிவதற்கு வேண்டிய வெப்பம் இல்லை. நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் மரக்கறி செய்வோர், காலையில் எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்கும் உறுப்பு வேலை செய்கிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

புகை வராவிடத்து, முதலில் நிறுத்தும் இழுகம்பி முற்றாகத் திரும்பியிருக்கிறதா எனப் பாருங்கள். துருவேறிய கம்பி பாதிவழியில் நின்று டீசலை அடைத்துவிடும். இழுகம்பியன்றி மின்னால் டீசலை அடைக்கும் வகையாயின், அங்கு செல்லும் வயரைப் பாருங்கள்.

மாலையில் நன்றாக ஓடிய இயந்திரம் காலையில் மட்டும் மறுத்தால், இரவிற் காற்று உட்புகுந்திருக்கலாம். வெடித்த குழாய், தேய்ந்த செப்பு வளையம், வடிகட்டியின் தளர்ந்த இறப்பர் ஆகியவற்றினூடாகக் காற்று நுழைய, டீசல் தாங்கிக்குத் திரும்பி வடியும். காற்றை அகற்ற, வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, எரிபொருட் பம்பியின் கைநெம்பை அடித்து, குமிழிகள் நின்று தூய டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். அதன்பின் உட்செலுத்தும் பம்பியிலும் அவ்வாறே செய்யுங்கள். அடிக்கடி காற்றகற்ற நேரிடின், கசிவைத் தேடி அடைப்பதே தீர்வு. வடிகட்டியின் அடியிற் சேரும் நீரையும் காலந்தோறும் வெளியேற்றுங்கள்.

உயிர்காக்கும் எச்சரிக்கைகள்

நிலத்தில் நின்றபடி திருப்புளியால் ஸ்ராட்டரின் முனைகளைத் தொடுத்து இயந்திரத்தைத் தொடக்குவது சிலரின் வழக்கம். கியர் பூட்டியிருப்பின் இயந்திரம் உடனே பாய்ந்து, நிற்பவரின்மேல் ஏறிவிடும். இவ்வாறு உயிரிழந்தோர் பல நாடுகளிலும் உளர். எவ்வளவு அவசரமாயினும் ஆசனத்திலிருந்தே தொடக்குங்கள்.

பற்றரியிலிருந்து வெளிவரும் வாயு தீப்பற்றி வெடிக்கக்கூடியது. அருகிற் புகைத்தலும் தீக்குச்சி கொளுத்துதலும் ஆகா. உட்செலுத்தும் பம்பிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள உயரமுக்கக் குழாயிற் கசிவைக் கையாற் தடவிப் பார்க்கலாகாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். ஸ்ராட்டரைப் பத்துச் செக்கனுக்கு மேல் தொடர்ந்து சுழற்றாது, இடையே ஓய்வு கொடுங்கள்.

முடிவாக

நிலம் உழுவதற்கு இரு கிழமைகள் முன்பே பற்றரி முனைகளையும் ஏர்த்து வயரையும் துப்புரவாக்கி, காப்பு ஆளியையும் வடிகட்டியையும் பார்த்துவிடுங்கள். இதற்கு அரைநாள் போதும். இயந்திரத்தைத் திருத்துநரிடம் கொண்டு செல்ல நேர்ந்தால், குறிப்புக் கொப்பியையும் கொடுங்கள். அங்கே இயந்திரம் குறையின்றித் தொடங்கினாலும், பழுது எங்கேயுள்ளதென்பதை அக்குறிப்புக்கள் அவருக்கு உணர்த்தும்.